ஷாக்குவிலிருந்து ஃபூத்துக்கு: பழைய ஜப்பானிய நீள அளவுகளையும் பழைய ஸ்காண்டிநேவிய நீள அளவுகளையும் மாற்றும் வழி

ஸ்வீடனின் மேற்குக் கரையில் 1860களில் கட்டிய ஒரு மரவீட்டைப் பிரித்து மறுபடி நிறுத்தும் வேலையில் இருந்தேன். அதில் ஓர் ஒதுக்கிடத்தில் ஜப்பானியப் பாய், அதாவது டாடாமி, விரிக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். அந்தப் பக்கத்து மரச்சட்டங்கள் பாதி உளுத்துப் போயிருந்ததால் நேரில் அளக்க வழியில்லை. பழைய வரைபடம் மட்டும் கையில் இருந்தது. அதில் நீளம் ‘6 ஃபூத் 5 தும்’ என்று இருந்தது, அடி, அங்குலம் மாதிரியான பழைய ஸ்வீடிஷ் அளவு. ஒரு ஃபூத்துக்குப் பன்னிரண்டு தும் என்று எடுத்துக்கொண்டு 1,905 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டேன். கியோத்தோ அளவுப் பாய் ஜப்பானிய அளவில் 6 ஷாக்கு 3 ஸுன் (ஒரு ஷாக்குக்குப் பத்து ஸுன்), அதாவது 1,909 மில்லிமீட்டர். நான்கு மில்லிமீட்டர் இடிக்கிறதே என்று நினைத்து, 1,900க்குத் தனியாக முடைந்து தரும்படி ஜப்பானில் ஒரு பட்டறைக்கு எழுதினேன்.

பாய்கள் வந்து சேர மூன்று மாதம் ஆயிற்று. இதற்குள் புது மரச்சட்டம் போட்டு நிறுத்தியபோது, பழைய துளைகளுக்குச் சரியாகப் பொருந்திய நீளம் 1,930 ஆக இருந்தது. அந்த வரைபடத்தில் ஒரு ஃபூத்துக்குப் பத்தே தும். கியோத்தோப் பாய் அப்படியே உள்ளே போயிருக்கும். நான் சிறிதாக்கி வரவழைத்த பாயைச் சுற்றி மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விழுந்தது. திருப்பி அனுப்பவும் முடியாது, ஏனென்றால் அளவு கொடுத்து முடையச் சொன்ன பொருள். பணமும் போயிற்று, மூன்று மாதமும் போயிற்று.

அதற்குப் பிறகு இந்த இரண்டு அளவு முறைகளையும் உட்கார்ந்து முறையாகப் படித்தேன். கணக்கு எளிது, கால்குலேட்டர் போதும். தாளில் இருக்கும் சொல் எந்த அளவைக் குறிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே பேசுகிறேன். பழைய வீடு, பழைய நிலவரைபடம், துணி, பயணக் குறிப்பு, இசைக்கருவி என்று எதற்காக மாற்றினாலும் இதே வரிசையில் போங்கள்.

1. கால்குலேட்டரைத் தொடும் முன் மூன்று கேள்விகள்

எந்த நாடு? எந்த ஆண்டு? எந்தத் தொழில்? இந்த மூன்றுக்கும் விடையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்காவது விடை தெரியவில்லை என்றால் மாற்றுவதை அங்கேயே நிறுத்துங்கள்.

நாடு என்றால் இன்றைய நாடு அல்ல, ஆவணம் எழுதிய நாளில் அந்த ஊர் யாருடைய ஆட்சியில் இருந்தது என்பது. ஸ்வீடனின் தென் பகுதிகளான ஸ்கோனே, ப்ளேக்கிங்கே 1658 வரை டென்மார்க்குடையவை. பின்லாந்து 1809 வரை ஸ்வீடனின் பகுதி. நார்வே 1814 வரை டென்மார்க்கோடு இருந்தது. ஒரே சொல், ஒரே ஊர், ஐம்பது ஆண்டு தள்ளினால் வேறு நீளம்.

ஆண்டு ஏன் வேண்டும் என்பதற்கு என் பாய்க் கதையே போதும். தொழில் ஏன் என்றால், ஜப்பானில் தச்சருடைய ஷாக்கு வேறு, துணிக்காரருடைய ஷாக்கு வேறு. கால் பங்கு வித்தியாசம். அதை நான்காம் படியில் பார்ப்போம்.

சொற்களைப் பயப்படாமல் அணுகலாம், நமக்குத் தெரிந்த உடம்பு அளவுகள்தான் எல்லாம். ஃபூத் என்றால் அடி. தும் என்றால் கட்டைவிரல். ஆல்ன் என்பது நம் முழம் மாதிரி முன்கையிலிருந்து வந்தது, ஆனால் முழத்தைவிட நீளம், இரண்டு ஃபூத். ஃபாம்ன் என்பது இரண்டு கையையும் விரித்த அகலம். நம் கடற்கரையில் ஆழம் பார்க்கும் ‘பாகம்’ எதுவோ அதுவே. ஜப்பானியரும் இதே விரித்த கையை ‘ஹிரோ’ என்கிறார்கள். அடி என்று நம் வாயில் வந்துவிடுவதால் 30.48 சென்டிமீட்டர் என்று மனசு தானாக எடுத்துக்கொள்ளும். அது ஆங்கில அடி, இங்கே அதற்கு வேலையே இல்லை. இருபது ஃபூத் நீளமுள்ள ஸ்வீடிஷ் சுவரை ஆங்கில அடியாக எடுத்தால் 158 மில்லிமீட்டர் கூடுதலாக வரும். ஒரு சாணில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு.

2. ஸ்வீடன் ஆவணமா? பத்தா பன்னிரண்டா என்று பாருங்கள்

ஸ்வீடிஷ் ஃபூத் 296.9 மில்லிமீட்டர். ஆல்ன் இரண்டு ஃபூத், 593.8. ஃபாம்ன் ஆறு ஃபூத், 1,781. இவை மாறவில்லை. மாறியது தும் மட்டும்.

1855இல் வந்த சட்டம் ஃபூத்தைப் பத்தாகப் பிரித்தது. அதற்கு முன் பன்னிரண்டு. எனவே:

பழைய தும், அதாவது தச்சர் தும்: 24.74 மில்லிமீட்டர், ஒரு ஃபூத்துக்கு 12.
பத்துக்கூறு தும்: 29.69 மில்லிமீட்டர், ஒரு ஃபூத்துக்கு 10.

சட்டம் வந்த உடனே எல்லாரும் மாறிவிடவில்லை. நில அளவைக்காரர்கள் பத்துக்கூறுக்குப் போனார்கள், மரவேலைக்காரர்கள் பழைய தும்மை விடவில்லை. அதனால் 1855க்கும் மெட்ரிக் கட்டாயமான 1889க்கும் இடைப்பட்ட எந்தத் தாளையும் ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நான் இப்போது செய்யும் சோதனைகள் இவை.

முதல் சோதனை: தாள் முழுவதும் தும் எண்களைத் தேடுங்கள். எங்காவது 10 தும், 11 தும் என்று இருந்தால் அது பன்னிரண்டு முறை. ஒன்று கூட 9ஐத் தாண்டவில்லை, அதுவும் முப்பது நாற்பது அளவுகள் உள்ள தாளில் தாண்டவில்லை என்றால், பெரும்பாலும் பத்து முறை.

இரண்டாவது: கூட்டிப் பாருங்கள். வரைபடத்தில் சின்னச் சின்ன அளவுகளும், அவற்றின் மொத்தமும் எழுதியிருப்பார்கள். 3 ஃபூத் 7 தும், 2 ஃபூத் 8 தும் சேர்ந்து 6 ஃபூத் 5 தும் என்று இருந்தால் பத்து முறை. 6 ஃபூத் 3 தும் என்று இருந்தால் பன்னிரண்டு. இதைவிட உறுதியான சாட்சி கிடையாது. என் வரைபடத்தின் ஓரத்திலேயே இப்படி ஒரு கூட்டல் இருந்தது, நான் பார்க்கவில்லை.

மூன்றாவது: அளவுகோல் பட்டையைப் பாருங்கள். கீழே வரைந்திருக்கும் கோட்டில் முதல் ஃபூத்தை எத்தனை கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

காற்புள்ளியிலும் ஒரு பொறி இருக்கிறது. ஸ்காண்டிநேவியர்கள் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளிதான் வைப்பார்கள். ‘6,5’ என்றால் ஆறரை. ‘2,969’ என்று இருந்தால் நம் கண் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் என்று படிக்கும், அங்கே அது மூன்றுக்குச் சற்றுக் குறைவு.

இன்றைய ஸ்வீடனில் மரக்கடையில் ‘தும்’ என்று சொல்வது 25.4 மில்லிமீட்டர் ஆங்கில அங்குலம். மடக்கு அளவுகோலுக்கே அங்கே ‘தும்ஸ்தொக்’ என்றுதான் பெயர். அந்தக் கோலில் தும் கோடு இருந்தால் அது ஆங்கில அங்குலமே. பழைய வரைபடத்துக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

3. டென்மார்க், நார்வே

இந்த இரண்டும் ஸ்வீடனைவிட நிம்மதி. இங்கே பன்னிரண்டு முறை கடைசி வரை இருந்தது.

டேனிஷ் ஃபோத் 313.85 மில்லிமீட்டர். அதில் 12 தொம்மெ, ஒவ்வொன்றும் 26.15. ஒரு தொம்மெயில் 12 லின்யே. ஆலன் இரண்டு ஃபோத், 627.7. ஃபவ்ன் ஆறு ஃபோத், 1,883.

நார்வேக்கு 1824இல் தனிச் சட்டம் வந்தது. அதன்படி ஃபூத் 313.74 மில்லிமீட்டர். டேனிஷ் அளவோடு வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அறை அளவில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நூறு ஃபூத் நீளமுள்ள கட்டடத்துக்குத்தான் 11 மில்லிமீட்டர் வரும்.

ஆனால் ஸ்வீடனின் ஃபூத்துக்கும் இவற்றுக்கும் 17 மில்லிமீட்டர் வித்தியாசம். நார்வேச் சொல்லும் ஸ்வீடிஷ் சொல்லும் ஒன்றுபோல இருப்பதால் எல்லையோர ஊர்களின் ஆவணத்தில் ஏமாறுவது எளிது. நார்வேயில் 1882இலிருந்து மெட்ரிக் கட்டாயம். டென்மார்க்கில் மெட்ரிக் சட்டமே 1907இல்தான் வந்தது. அதனால் 1895ஆம் ஆண்டு டேனிஷ் வரைபடத்தில் ஃபோத் இருப்பது இயல்பு. அதே ஆண்டு ஸ்வீடிஷ் வரைபடத்தில் இருந்தால் பழைய தாளைப் பார்த்துப் படியெடுத்ததா என்று சந்தேகப்படுங்கள்.

4. ஜப்பான் பக்கம்: எந்த ஷாக்கு?

சாதாரணமாக ஷாக்கு என்றால் கனெஜாக்கு, தச்சரின் ஷாக்கு. 1891ஆம் ஆண்டு அளவைச் சட்டம் அதை ஒரு மீட்டரில் 33இல் 10 பங்கு என்று நிலைநிறுத்தியது. 303.03 மில்லிமீட்டர். கீழே போனால் எல்லாம் பத்துப் பத்தாகப் போகும்: ஷாக்குவில் பத்தில் ஒன்று ஸுன், அதில் பத்தில் ஒன்று பு, அதில் பத்தில் ஒன்று ரின். மேலே போனால் அந்த ஒழுங்கு இல்லை. 6 ஷாக்கு ஒரு கென், 10 ஷாக்கு ஒரு ஜோ, 60 கென் ஒரு ச்சோ, 36 ச்சோ ஒரு ரி.

துணி என்றால் குஜிராஜாக்கு. இது கனெஜாக்குவைப் போல ஒன்றேகால் மடங்கு, 378.8 மில்லிமீட்டர். கிமோனோத் துணியின் அகலம் 9 ஸுன் 5 பு என்று ஒரு தையல் குறிப்பில் படித்தால், குஜிராவில் அது 360 மில்லிமீட்டர். தச்சர் ஷாக்குவில் எடுத்தால் 288 மட்டும்தான் வரும். ஏழு சென்டிமீட்டர் குறைத்து நெய்த துணியில் கிமோனோ தைக்க முடியாது. ஸ்வீடிஷ் தறியில் நெய்யப் போகிறவர்கள் கவனம்: அந்த 360 மில்லிமீட்டர் 0.606 ஆல்ன். பழைய நெசவுக் குறிப்பில் ஆல்னை நான்கு குவார்தேராகப் பிரிப்பார்கள், ஒரு குவார்தேர் 148.5 மில்லிமீட்டர். ஆக இரண்டரைக் குவார்தேருக்குக் கொஞ்சம் குறைவு.

கென் இன்னொரு பொறி. 6 ஷாக்கு என்பது பிற்காலத்துச் சட்டக் கணக்கு. பதினாறாம் நூற்றாண்டு ஆட்சியாளர் ஹிதெயோஷி காலத்து நில அளவையில் ஒரு கென் 6 ஷாக்கு 3 ஸுன், அதன் பின் எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) ஆண்ட அரசின் அளவையில் 6 ஷாக்கு 1 பு. கியோத்தோ வீடுகளில் 6 ஷாக்கு 5 ஸுன் வரைக்கும் போகும். வீட்டு வரைபடம் என்றால் பாயின் நீளத்தைக் கேளுங்கள். கியோத்தோப் பாய் 6 ஷாக்கு 3 ஸுன், கிழக்கே எடோப் பாய் 5 ஷாக்கு 8 ஸுன். பாய் தெரிந்தால் எந்தக் கென் என்று தெரிந்துவிடும்.

இன்றைய ஜப்பானிய ஒட்டுப்பலகை 910 க்கு 1,820 மில்லிமீட்டர். மூன்றுக்கு ஆறு ஷாக்கு என்றுதான் சொல்வார்கள். கணக்குப்படி 909.1 க்கு 1,818.2 இருக்க வேண்டும். ஒரு பலகைக்கு இது ஒன்றும் இல்லை, பத்துக் கென் நீளத்துக்கு 18 மில்லிமீட்டர். இன்றைய தச்சர் ஒருவர் ‘கென்’ என்று சொல்லும்போது 1,820 ஆ, 1,818 ஆ என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

5. மீட்டர் வழியாகப் போங்கள், நேராகத் தாண்டாதீர்கள்

ஷாக்குவிலிருந்து ஃபூத்துக்கு நேரடி எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். நடுவில் மீட்டரை வைத்தால் பிழை எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க முடியும். ஜப்பான் பக்கம் அதற்கு ஓர் அழகான வசதி இருக்கிறது. ஷாக்கு சரியாக 33இல் 10 பங்கு என்பதால்:

மீட்டரை 3.3 ஆல் பெருக்கினால் ஷாக்கு.
ஷாக்குவை 3.3 ஆல் வகுத்தால் மீட்டர்.

இது தோராயம் இல்லை, முழுக்கச் சரியான கணக்கு. ஷாக்குவுக்குக் கீழே எல்லாம் பத்து என்பதால் விடையை அப்படியே படித்துவிடலாம். 6.368 என்று வந்தால் 6 ஷாக்கு, 3 ஸுன், 6 பு, 8 ரின். பிரித்துப் பெருக்க வேண்டியதே இல்லை. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

ஸ்காண்டிநேவியப் பக்கம் மீட்டரை ஃபூத்தின் நீளத்தால் வகுக்க வேண்டும்: ஸ்வீடனுக்கு 0.2969, டென்மார்க்குக்கு 0.31385, நார்வேக்கு 0.31374. பத்து முறை என்றால் விடையை அப்படியே படியுங்கள். பன்னிரண்டு முறை என்றால் புள்ளிக்குப் பின் வருவதை 12 ஆல் பெருக்கினால் தும் அல்லது தொம்மெ, அதிலும் மிச்சத்தை 12 ஆல் பெருக்கினால் லின்யே.

ஒரு மாதிரி. ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழலின் பெயரே அதன் நீளம், 1 ஷாக்கு 8 ஸுன். 1.8ஐ 3.3 ஆல் வகுத்தால் 0.5455 மீட்டர். பத்துக்கூறு ஸ்வீடிஷில் 1.837, அதாவது 1 ஃபூத் 8 தும், ஏறத்தாழ 4 லின்யே (இந்த முறையில் ஒரு தும்முக்குப் பத்து லின்யே). பழைய ஸ்வீடிஷில் 1 ஃபூத் 10 தும். டேனிஷில் 1 ஃபோத் 8 தொம்மெ 10 லின்யே. முதல் விடையில் ஸுன் எண்ணும் தும் எண்ணும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். ஸுன் 30.3, பத்துக்கூறு தும் 29.7. இரண்டும் இவ்வளவு நெருக்கம் என்பதால் மாற்றாமலேயே எழுதிவிடத் தோன்றும். ஒரு ஃபூத்துக்கு 6 மில்லிமீட்டர் பிழை அது. விட்டுவிடக் கூடாது.

எதிர்ப் பக்கம் ஒன்று. 12 ஆல்ன் நீளமுள்ள ஸ்வீடிஷ் கூடம்: 12ஐ 0.59381 ஆல் பெருக்கினால் 7.1257 மீட்டர். அதை 3.3 ஆல் பெருக்கினால் 23.515 ஷாக்கு. 18 ஷாக்குவை எடுத்தால் 3 கென், மிச்சம் 5 ஷாக்கு 5 ஸுன் 1 பு 5 ரின்.

இன்னும் ஒன்று, கொஞ்சம் சிக்கலானது. 2 கென் 3 ஷாக்கு 5 ஸுன் அளவை டேனிஷ் ஆலனாக வேண்டும். முதலில் எல்லாவற்றையும் ஷாக்குவாக்குங்கள்: 12, 3.5 சேர்ந்து 15.5. மீட்டர் 4.697. ஃபோத் 14.9657. இரண்டிரண்டாக எடுத்தால் 7 ஆலன், மிச்சம் 0.9657 ஃபோத். 12 ஆல் பெருக்கினால் 11.588 தொம்மெ. மறுபடி மிச்சத்தை 12 ஆல் பெருக்கினால் 7 லின்யே. ஆக 7 ஆலன் 11 தொம்மெ 7 லின்யே.

நடுவில் எங்கும் முழுமையாக்காதீர்கள். கடைசியில் ஒரே ஒரு தடவை போதும். எக்செல்லில் செய்தால் மீட்டர் என்று ஒரு தனிப் பத்தி வைத்து அதை மறைக்காமல் விடுங்கள். ஆறு மாதம் கழித்துச் சந்தேகம் வரும்போது உங்களுக்கே அது வேண்டியிருக்கும்.

பரப்பளவு பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கென் சதுரம் ‘த்ஸுபோ’, அது 3.306 சதுர மீட்டர். இந்த 3.3க்கும் மேலே சொன்ன 3.3க்கும் சம்பந்தம் இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள். ஷாக்குவில் நீளம், அகலம் இரண்டையும் மீட்டராக்கிவிட்டு அப்புறம் பெருக்குவதுதான் பாதுகாப்பு.

6. தூரம்: மீல், ரி

இங்கே சில மில்லிமீட்டர் பிழையால் ஒன்றும் ஆகாது, ஆனால் சொல்லைத் தவறாகப் படித்தால் பாதித் தூரமே காணாமல் போகும்.

பழைய ஸ்வீடிஷ் மீல் 18,000 ஆல்ன், 10,688 மீட்டர். 1889இலிருந்து ஸ்வீடனில் மீல் என்றால் சரியாக 10 கிலோமீட்டர், இன்றும் அங்கே வண்டி ஓட்டுகிறவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். டேனிஷ் மீல் 24,000 ஃபோத், 7,532 மீட்டர். நார்வேயின் பழைய மீல் 36,000 ஃபூத், 11,295 மீட்டர். எதுவும் ஆங்கில மைல் இல்லை.

ஜப்பானிய ரி 3,927 மீட்டர். எனவே ஒரு பழைய ஸ்வீடிஷ் மீல் 2.72 ரி, டேனிஷ் 1.92 ரி, நார்வே 2.88 ரி.

எடோவின் நிஹொன்பாஷியிலிருந்து கியோத்தோவுக்குப் போகும் தோக்காய்தோ சாலை ஏறத்தாழ 126 ரி. கிலோமீட்டரில் 495. பழைய ஸ்வீடிஷ் மீலில் 46.3, டேனிஷ் மீலில் 65.7, புது ஸ்வீடிஷ் மீலில் 49.5. கார்ல் பேத்தர் துன்பெர்ய் 1776இல் டச்சுக்காரர்களோடு எடோவுக்குப் போய்வந்து ஸ்வீடிஷில் பயண நூல் எழுதியவர். அந்தக் காலத்து எழுத்தில் ‘மீல்’ வந்தால், எந்த நாட்டு மீல் என்று அந்தப் பக்கத்திலேயே தெரிந்த இரண்டு ஊர்களுக்கிடையே உள்ள தூரத்தை வைத்துப் பாருங்கள். சாலை தெரியும், தூரம் தெரியும், வகுத்தால் மீலின் நீளம் தானாக வரும். மற்ற எல்லா வழிகளையும்விட இதைத்தான் நான் நம்புகிறேன்.

ரியிலும் இதே சோதனை வேண்டும். சீபா கடற்கரையில் குஜூக்குரி என்ற இடம் இருக்கிறது, பெயருக்குப் பொருள் தொண்ணூற்றொன்பது ரி. 36 ச்சோ ரியில் கணக்குப் போட்டால் 389 கிலோமீட்டர் வரும். கடற்கரையின் உண்மை நீளம் அறுபது கிலோமீட்டரை ஒட்டியது. 6 ச்சோவுக்கு ஒரு ரி என்ற பழைய கணக்கில் எடுத்தால் 65 கிலோமீட்டர், பொருந்திவிடுகிறது. சீனத்து லீ, கொரியாவின் ரி என்பவையும் அரைக் கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். ஒரே எழுத்தால் எழுதுவதால் சொல்லகராதி உதவாது.

7. கருவி, ஆவணம், செலவு, நேரம்

ஆவணத்துக்குப் பணம் செலவழிப்பதற்கு முன் இணையத்தில் தேடுங்கள். ஸ்வீடனின் நில அளவைத் துறையான லந்த்மேத்தரியெத் தன் பழைய நிலவரைபடங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்க விடுகிறது. ஜப்பானின் தேசிய டயட் நூலகமும் பழைய நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது, உரிமைக்காலம் முடிந்தவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். தெளிவான பெரிய படி வேண்டும் என்றால் மட்டும் கட்டணம் கட்டி எழுதிக் கேளுங்கள், அதற்கு வாரக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள்.

ஸ்கேன் படத்திலிருந்து அளக்கப் போகிறீர்கள் என்றால், தாளில் அச்சிட்ட அளவு விகிதத்தை நம்பாதீர்கள். பழைய தாள் சுருங்கும், அதுவும் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே மாதிரி சுருங்காது. வரைபடத்திலேயே வரைந்திருக்கும் அளவுகோல் பட்டையை வைத்து அளந்தால் சுருக்கம் பெரும்பாலும் கழிந்துவிடும். விகிதம் தெரிந்தால் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள். உதாரணமாக 1:4000 வரைபடத்தில் ஒரு பத்துக்கூறு தும் 400 ஃபூத். எடோ காலத்து நில அளவையாளர் இனோ ததத்தாக்காவின் ஜப்பான் பெருவரைபடம் 1:36,000, அதில் ஒரு பு ஒரு ச்சோ, ஒரு ரி 3 ஸுன் 6 பு. அந்தந்த நாட்டு அளவிலேயே படித்தால் எல்லாம் முழு எண்ணாக வரும். அப்படி வரவில்லை என்றால் விகிதத்தையோ அளவையோ தவறாக எடுத்திருக்கிறீர்கள்.

கருவி என்றால் ஸாஷிகனே வாங்குங்கள். ஜப்பானியத் தச்சரின் எல் வடிவ மூலைமட்டம் அது. சில ஆயிரம் யென்னுக்குள் கிடைக்கும். வணிகத்தில் ஷாக்கு அளவை 1959இலிருந்து தடை செய்ததால், இன்று விற்கும் கோல்களில் ‘ஒரு மீட்டரில் 33இல் ஒரு பங்கு’ என்ற முறையில் அடையாளம் இருக்கும். அந்தப் பங்குதான் ஒரு ஸுன். வாங்கும்போது ஒரு பக்கம் மில்லிமீட்டரும் ஒரு பக்கம் ஷாக்குவும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். முக்கியமான எச்சரிக்கை: அதன் பின்பக்கத்தில் 1.414 மடங்கு பெரிதாக்கிய கோடுகள் இருக்கும். கூரைச் சாய்வும் வட்ட மரத்தில் சதுரம் எடுப்பதும் கணக்கிடத் தச்சர்கள் அதைப் பயன்படுத்துவார்கள். தெரியாமல் அந்தப் பக்கத்தால் அளந்தால் உங்கள் ஒரு ஷாக்கு 428 மில்லிமீட்டர் ஆகிவிடும்.

பழைய ஸ்வீடிஷ் ஆல்ன் கோல்களும் தொம்மெ கோல்களும் பழம்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. பார்க்க அழகு, வாங்கி மாட்டி வையுங்கள். அதை வைத்து அளக்க வேண்டாம், முனை தேய்ந்திருக்கும். நல்ல ஸ்டீல் மில்லிமீட்டர் டேப்தான் வேலைக்கு.

நேரம்: ஓர் அறையின் அளவுகளை மாற்ற ஒரு மாலை போதும். அந்த ஒரு மாலைக்கு முன் எந்த அளவு என்று உறுதி செய்ய இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள். அளவு கொடுத்துச் செய்யச் சொல்லும் பொருள் என்றால் ஆர்டரை இந்த நாட்களுக்குப் பின் வையுங்கள்.

8. அனுப்பும் முன் கடைசிச் சோதனை

மாற்றிய எண்ணை மறுபடி பின்னோக்கி மாற்றிப் பாருங்கள், ஆரம்பித்த எண் வர வேண்டும். இது கணக்குப் பிழையை மட்டும்தான் பிடிக்கும். அளவைத் தவறாக எடுத்திருந்தால் பின்னோக்கியும் அழகாகப் பொருந்தும், என் 1,905 பொருந்திய மாதிரி.

அதனால் இன்னொன்று செய்யுங்கள். அதே ஆவணத்திலிருந்து உங்களுக்கு உண்மை நீளம் தெரிந்த ஏதாவது ஒன்றை எடுங்கள். இன்னும் நிற்கிற ஒரு சுவர், கதவு நிலை, சாலையில் இரண்டு கோயில்கள். டேப் வைத்து அளந்து, தாளில் உள்ள எண்ணால் வகுங்கள். 297 பக்கம் வந்தால் ஸ்வீடன், 314 பக்கம் வந்தால் டென்மார்க் அல்லது நார்வே, 303 வந்தால் கனெஜாக்கு, 379 வந்தால் துணி ஷாக்கு, 305 வந்தால் யாரோ நடுவில் ஆங்கில அடிக்கு மாற்றி எழுதியிருக்கிறார்கள். 303ஐயும் 305ஐயும் பிரிக்க நீளமான பொருளாக எடுங்கள், குறைந்தது நான்கைந்து மீட்டர்.

பட்டறைக்கு எழுதும்போது ஷாக்குவை மட்டும் எழுதாதீர்கள். மில்லிமீட்டர் ஒரு வரி, ஷாக்கு ஒரு வரி, கனெஜாக்குவா குஜிராஜாக்குவா என்று ஒரு வரி, மூலத் தாளில் இருந்தபடியே ஃபூத்தும் தும்மும் ஒரு வரி, அந்தத் தும் பத்தா பன்னிரண்டா என்று ஒரு வரி. ஐந்து வரியில் ஒன்று மற்றதோடு ஒத்துப்போகவில்லை என்றால் செய்கிறவரே திருப்பிக் கேட்பார்.